கிரகப்பிரவேசத்துக்குப் போன மாடு

மாத்தளையிலிருந்து எல்கடுவைக்குப் போகும் பாதையில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குத் திரும்புகிற முச்சந்தியில், ஒரு பெரிய விளம்பரப் பலகை நிற்கிறது. பச்சைப் புல்தரை, வெள்ளை வீடு, பல் தெரியச் சிரிக்கிற ஒரு குடும்பம். படம் அழகாக இருக்க வேண்டுமே என்று தூரத்தில் ஒரு மாட்டையும் மேயவிட்டிருக்கிறார்கள். கண்டிக்குப் பக்கத்தில், கிராமத்து அமைதியில், கனவு இல்லம் என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் அந்த மாடு என் கண்ணில் படும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படத்தில் இருக்கிற மாட்டுக்கு மட்டும்தான் இப்போது எங்கள் ஊரில் இடம்.

பலகைக்குப் பின்னால் இருப்பது முன்பு கொக்கோவும் மிளகும் இறப்பரும் நின்ற தோட்டம். அப்பா அங்கே இறப்பர்ப் பால் வெட்டினார். அம்மா கொக்கோ உடைத்தாள், மிளகு ஆய்ந்தாள். தோட்டத்து முதலாளி கண்ணை மூடியதும் பிள்ளைகள் காணியைத் துண்டு போட்டு விற்றார்கள். முதலில் மரங்கள் லொறியில் போயின. பிறகு பெக்கோ இயந்திரம் வந்து மலையைச் சீவித் தட்டுத் தட்டாக்கியது. ஒவ்வொரு தட்டிலும் நம்பர் போட்ட கட்டையை அடித்து மஞ்சள் கயிறு கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டியிலிருந்து கார்கள் வந்தன. காணி பார்க்க வந்தவர்கள் எங்கள் வாசல் வழியாக, எங்கள் துணிக்கொடிக்குக் கீழே குனிந்து போனார்கள். ஒருவர்கூட 'கொஞ்சம் வழி விடுங்க' என்று கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

லயத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். இரக்கப்பட்டு அல்ல. எங்களைக் கிளப்பப் போனால் கோர்ட்டு வழக்கென்று இழுபடும் என யாரோ அவர்களுக்குப் புத்தி சொல்லியிருக்க வேண்டும். இப்போது நாலு பக்கமும் மதில், நடுவில் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராக்கள்.

நான் மாத்தளை டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். கோபக்காரி என்று லயத்தில் எனக்குப் பெயர். கெடுத்துக்கொள்ளாமல் இன்றுவரை காப்பாற்றி வருகிறேன். அப்பா போன பிறகு வீட்டில் நானும் அம்மாவும்தான். தோட்டம் மூடியதும் எங்கள் லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராகப் புது வீடுகளுக்கு வேலைக்குப் போனார்கள். கூட்டுவது, துணி துவைப்பது, பாத்திரம் தேய்ப்பது. நேற்றுவரை தங்கள் கையால் மிளகு பறித்த இடத்திலேயே இன்றைக்கு இன்னொருவர் வீட்டுக் கக்கூஸைக் கழுவினார்கள். அம்மா மட்டும் போகவில்லை.

"செவல இருக்கிற வரைக்கும் எவன் வீட்டுச் சட்டியையும் நான் கழுவப் போறதில்ல" என்பாள்.

செவலை எங்கள் மாடு. சிவப்பு நிறம், ஒரு கொம்பு கொஞ்சம் உள்ளே வளைந்திருக்கும். காலையில் பால் கறந்து சந்தியில் பால் எடுக்கிற இடத்தில் ஊற்றிவிட்டு, பாதையோரத்தில் கினிப்புல் அறுத்துக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு அம்மா வருவாள். யாருக்கும் கைகட்டி நிற்கத் தேவையில்லை. அவளுடைய மானம் மரியாதை எல்லாம் அந்த ஒரு மாட்டோடுதான் கட்டிக் கிடந்தது. இது விளங்கினால்தான் என் கோபமும் விளங்கும்.

மாட்டுப்பட்டி அப்பா கட்டியது. லயத்துக்குப் பின்னால், சீமெந்துத் தரை, தகரக் கூரை, மூத்திரம் வடிய ஒரு கான், கானின் முடிவில் எருக்குழி. நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே அது அங்கே இருந்தது. அதற்கு மேலே அப்போது கொக்கோ மரங்கள்தான் நின்றன. கொக்கோ மரம் யாரிடமும் போய் முறைப்பாடு சொன்னதில்லை.

பட்டிக்கு நேர் மேலே இருந்த தட்டை வாங்கியவர் கண்டியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தமிழர். வீடு எழும்பிக்கொண்டிருந்த நாட்களில் கொத்து வேலை செய்யும் பாஸ்மாரை மேற்பார்க்க வருவார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மூச்சை நன்றாக உள்ளே இழுப்பார். "இந்தக் காத்து கண்டியில எங்கம்மா கெடைக்குது?" என்று அம்மாவிடம் சொல்வார். "நானும் தோட்டத்துப் புள்ளதான். எங்கப்பா கணக்கப்புள்ளயா இருந்தாரு. மாட்டு வாசம் பட்டாத்தான் எனக்கு வீடு மாதிரி இருக்கு." அம்மா உருகிப் போனாள். அவள் உருகுவதற்கு அதிகம் தேவையில்லை. 'நானும் தோட்டம்தான்' என்று ஒருவர் சொன்னால் போதும், பிளேன்டீ போட்டுவிடுவாள்.

வீடு முடிந்ததும் ஐயா, அவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம், கிரகப்பிரவேசத்துக்கு மாடு கேட்டு வந்தார். புது வீட்டுக்குள் மனிதர் காலெடுத்து வைக்கும் முன்பு பசுவும் கன்றும் போக வேண்டும் என்பது எங்களுடைய வழக்கம். அப்போது செவலைக்குக் கிடேரிக் கன்று ஒன்று கையோடு இருந்தது. தை மாதம். அம்மா விடிய முன்பே மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு மஞ்சள் பூசி, நெற்றியில் பொட்டு வைத்து, கழுத்தில் மாலையும் போட்டுக் கூட்டிப்போனாள். கூடவே நாலு சாக்கையும் மடித்து எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டேன். "டைல்ஸ்ல மாட்டுக் கால் நிக்காது புள்ள. வழுக்கிச்சின்னா உள்ள வராது" என்றாள். வாசற்படியிலிருந்து நடுக்கூடம் வரைக்கும் சாக்கை விரித்து, கொஞ்சம் வைக்கோலைத் தூவி, செவலையின் கழுத்தில் கைபோட்டு, காதுக்குள் ஏதோ பேசிப் பேசி உள்ளே நடத்தினாள்.

செவலை நடுக்கூடத்தில் வாலைத் தூக்கிச் சாணி போட்டது. அந்த வீடே குதித்தது. "லட்சுமி, லட்சுமி" என்று ஐயாவின் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டார். வீடியோக்காரனைக் கூப்பிட்டு, சாணியைக் கிட்டப் போய் எடு என்றார் ஐயா. அவரே குனிந்து அதில் ஒரு கவளம் அள்ளி உருட்டி அருகம்புல் குத்திப் பிள்ளையாராக வைத்தார். கையைக்கூட உடனே கழுவவில்லை. அம்மாவுக்குச் சேலை கொடுத்தார்கள், முதல் பந்தியிலேயே உட்கார வைத்தார்கள். "இந்த வீட்டுக்குள்ள மொதல்ல வந்தது ஒங்க மாடுதான். இனிமே நாம ஒரே குடும்பம்" என்றார் ஐயா. இதைப் பிறகு அம்மா லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

அடுத்த வருசம் ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சின்ன வயது, சிங்களவர், தன்மையான மனிதர். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வாசலுக்குள் வந்தார். மாட்டுப்பட்டியால் வாடை என்று முறைப்பாடு வந்திருக்கிறது என்றார். பட்டியைச் சுற்றிப் பார்த்தார். எருக்குழிக்கு மேல் அம்மா போட்டிருந்த மூடியைத் தூக்கிப் பார்த்தார். சுத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் குடியிருக்கிற வீட்டுக்கும் பட்டிக்கும் நடுவில் இருக்க வேண்டிய தூரம் இல்லையே என்றார்.

எனக்கு அன்றைக்கு லீவு. நான் சிங்களத்தில் கேட்டேன்: "மாத்தயா, எங்க பட்டி அந்த வீட்டுக்குக் கிட்ட போனிச்சா, இல்ல அந்த வீடு எங்க பட்டிக்குக் கிட்ட வந்திச்சா?"

சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, எது முதலில் வந்தது என்று சட்டம் கேட்பதில்லை நங்கி என்றார், தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரி. முறைப்பாடு செய்தது யார் என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார். ஆனால் சொல்லும்போது அவருடைய கண் மேலே உள்ள பல்கனிக்குப் போய்த் திரும்பியது. அங்கே ஐயா பேப்பர் படிக்கிற நாற்காலி இருந்தது. அன்றைக்கு மட்டும் அதில் ஆள் இல்லை.

பட்டியை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்பதுதான் உத்தரவு. எங்கே மாற்றுவது? பின்னால் மதில், இடதில் மதில், வலதில் கொங்கிரீட் பாதை, முன்னால் எங்கள் அடுப்படி. மாடு நிறைமாதமாக நிற்பதைப் பார்த்து, கன்று போடும்வரை பொறுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த மனிதர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. உள்ள கோபம் எல்லாம் பல்கனிக்குத்தான்.

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலை ஏற்றியது. இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், கண்டுபிடித்துவிட்ட சந்தோசத்தோடு என்னிடம் வந்தாள்.

"புள்ள, இது சீம்பால் விசயம்."

"என்ன சீம்பால்?"

"நம்ம மாட்ட அவங்க வீட்டுக்குள்ள கூட்டிப் போனோமில்ல. அந்தக் கன்னு போட்ட நேரம் சீம்பால் லயத்துக்கெல்லாம் குடுத்தோம். அவங்களுக்குக் குடுக்கல. அப்ப வீடு கட்டிக்கிட்டுத்தானே இருந்தாங்க, ஆளே இல்ல. குடும்பம்னு சொன்ன வீட்டுக்குச் சீம்பால் போகாம இருந்தா மனசுக்குக் கஷ்டமா இருக்காதா? அந்தக் கொறைதான்."

எங்கள் லயத்தில் மாடு கன்று போட்டால் முதல் பாலை விற்க மாட்டோம். கித்துல் கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டு அவித்து, கட்டியானதும் வெட்டி வீட்டுக்கு வீடு கொடுப்போம். விட்டுப்போன வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், ஒரு மாசம் பேசமாட்டார்கள், அடுத்த கன்றுக்குச் சரியாகிவிடும். அரசாங்கத்துக்குப் போன முறைப்பாட்டையும் அம்மா அந்தக் கணக்கில்தான் சேர்த்தாள். ஒருவருக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்றால் நாம் எதையோ கொடுக்க மறந்திருக்கிறோம் என்பது அவளுடைய நினைப்பு. வேறு காரணம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அம்மா, அந்த ஆளுக்கு ஒங்க சீம்பால் வேணாம். ஒங்க மாடு இங்க இருக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்று கத்தினேன்.

"நீ எல்லாத்துலயும் சண்டையத்தான் பாப்ப" என்றாள்.

கார்த்திகையில் செவலை கன்று போட்டது. காளைக்கன்று. அம்மா பாலை அவித்தாள். முதல் கிண்ணம் எப்போதும் லயத்துப் பிள்ளையாருக்குத்தான் போகும். அந்த முறை போகவில்லை. பிள்ளையார் பொறுத்துக்கொள்வார் என்று சொல்லி, முதல் கிண்ணத்தை வாழை இலையால் மூடி, கிரகப்பிரவேசத்துக்குக் கொடுத்த அதே சேலையை உடுத்திக்கொண்டு மேலே போனாள். நான் போகவில்லை. கீழேயிருந்து பார்த்தேன். மணியை அடித்துவிட்டு, கேட்டுக்கு மேலே வைத்திருந்த கெமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். ஐயாவின் மனைவி வந்து, "ஐயோ, எதுக்கும்மா இதெல்லாம்" என்று வாங்கிக்கொண்டார். அம்மா முகமெல்லாம் மலர்ந்து இறங்கி வந்தாள். "பாத்தியா, வாங்கிக்கிட்டாங்க" என்றாள். பிரச்சினை தீர்ந்துவிட்டது என்றே நம்பினாள்.

மறுநாள் காலையில் கிண்ணம் எங்கள் பக்கத்து மதில்மேல் இருந்தது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, தேசிக்காய் வாசம் வீசிக்கொண்டு இருந்தது. சீம்பால் கொடுத்த பாத்திரத்தைக் கழுவித் தரக் கூடாது. கழுவினால் மாட்டுக்குப் பால் வற்றும் என்பார்கள். கொஞ்சம் அரிசியோ சீனியோ போட்டு அப்படியே தர வேண்டும். லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். அம்மா கிண்ணத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கழுவிட்டாங்க" என்றாள். பிறகு, "தெரியாம செஞ்சிருப்பாங்க" என்றாள்.

தெரியாமலா? கணக்கப்பிள்ளை வீட்டுப் பிள்ளைக்கா? அந்த வாரத்திலேயே அவரைப் பஸ் ஹோல்ட்டில் பிடித்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சிரித்துக்கொண்டு ஆரம்பித்தார். "அம்மா என்னமோ குடுத்துவிட்டாங்களாம். எனக்குக் கொலஸ்ட்ரோல்மா, டொக்டர் வேணாம்னிருக்காரு. அம்மாகிட்ட சொல்லுங்க, அந்தப் பட்டி விசயத்தக் கொஞ்சம் சீக்கிரம் பாக்கச் சொல்லி. பிள்ளைங்க லண்டன்ல இருந்து வாறாங்க." அவ்வளவு தன்மையாகச் சொன்னார். திட்டினால் திருப்பித் திட்டலாம். சிரித்துக்கொண்டு கழுத்தை அறுப்பவரிடம் என்ன பேசுவது? "மாட்டு வாசம் பட்டாத்தான் வீடு மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே ஐயா" என்று மட்டும் கேட்டேன். பஸ் வந்துவிட்டது, அவருக்குக் கேட்கவில்லை. கேட்காத மாதிரி ஏறினார் என்றும் சொல்லலாம்.

தை பிறக்க முன்பு செவலையைக் கன்றோடு விற்றோம்; கிடேரியை முன்னமே விற்றிருந்தோம். கலேவெலையிலிருந்து ஒரு வயற்காரர் லொறியோடு வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், மாட்டின் மடியைத் தொடுமுன் அம்மாவிடம் கேட்டுத்தான் தொட்டார். மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை என்பதால் அவர் தன் கயிற்றைக் கொண்டுவந்திருந்தார். எங்கள் கயிறு பட்டியின் ஆணியில் அப்படியே தொங்கியது. லொறி சந்தியில், அந்த விளம்பரப் பலகையைக் கடந்து திரும்பியதை நான் பார்த்தேன். அம்மா பார்க்கவில்லை. பட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள், இனி அதில் கட்ட எதுவும் இல்லை என்று தெரிந்தும்.

அடுத்த மாதம் அவள் புது வீடுகளுக்குப் பாத்திரம் கழுவப் போனாள். என் சம்பளம் போதும், போகாதீங்க என்று கெஞ்சினேன், சண்டை பிடித்தேன். "ஒன் சல்லியில குந்திச் சாப்புடவா என்னைச் சொல்ற?" என்றாள். செவலையைப் பற்றிச் சொன்ன அந்தப் பழைய பேச்சை நான் அவளுக்கு ஞாபகப்படுத்தவில்லை. அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை. சாயந்தரம் அவளுடைய விரல் நுனிகள் ஊறி வெளுத்துப்போயிருக்கும். பால் கறந்த கை அது. எனக்குப் பார்க்கப் பொறுக்காமல் எழும்பி வெளியே போய்விடுவேன்.

வைகாசியில் ஐயாவின் மச்சான் நாலு தட்டு தள்ளிப் புது வீடு கட்டி முடித்தார். கிரகப்பிரவேசம். சமையலுக்கு ஆள் பிடித்தார்கள், பாத்திரம் கழுவ அம்மாவைப் பிடித்தார்கள். ஒரு கை கூட வந்தால் நல்லது என்றாள் அம்மா. செத்தாலும் அந்தப் பக்கம் வரமாட்டேன் என்றேன். ஆனால் அவள் தனியாகக் குந்தி அண்டா தேய்ப்பதை நினைத்தால் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. போனேன்.

மாடு வாடகைக்கு எங்கிருந்தோ சின்ன லொறியில் வந்தது, கன்றோடு. இந்தச் சுற்றுவட்டாரத்தில் இனி மாடே கிடையாது என்று ஐயாவே யாரிடமோ சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். என் காதால் கேட்டேன். "முந்தியெல்லாம் பக்கத்துலயே இருந்திச்சு" என்றார். ஏற்கெனவே கழுவிய கரண்டியை நான் இன்னொரு தரம் தேய்த்தேன்.

மாடு வாசற்படியோடு நின்றுவிட்டது. டைல்ஸில் ஒரு காலை வைத்தது, வழுக்கியது, பின்வாங்கியது. லொறிக்காரன் இழுத்தான். ஐயாவின் மச்சான் பின்னாலிருந்து தள்ளினார். மாடு கண்ணை உருட்டிக்கொண்டு கத்தியது, கன்றும் கத்தியது. ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார், நல்ல நேரம் போகிறது என்றார். அப்போதுதான் ஐயாவுக்கு ஞாபகம் வந்தது.

"பின்னுக்கு அந்தம்மா இருக்கா, கூப்பிடுங்க" என்றார்.

போகாதீங்க என்று நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். அவள் என் கையை மெல்ல விலக்கினாள். "மாடு என்ன செய்யும் பாவம்" என்றாள். பாத்திரம் கழுவக் குந்தியிருந்த ஈரச் சாக்குகளை உதறி எடுத்துக்கொண்டு முன்னுக்குப் போனாள். வாசலிலிருந்து நடுக்கூடம் வரைக்கும் விரித்தாள். முன்பின் தெரியாத அந்த மாட்டின் கழுத்தில் கைபோட்டு, காதோடு பேசினாள். அதன் மூச்சு அடங்கியது. ஒவ்வொரு காலாக வைத்து உள்ளே வந்தது. நடுக்கூடத்தில் நின்று, வாலைத் தூக்கிச் சாணி போட்டது.

"லட்சுமி, லட்சுமி" என்று கை தட்டினார்கள். வீடியோக்காரன் ஓடி வந்தான். ஐயா பழைய மாதிரியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, இரண்டு கையாலும் சாணியை அள்ளினார். முகமெல்லாம் சிரிப்பு.

அம்மா அவருக்குப் பக்கத்தில் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, வாடை அடிக்குதுங்களா?" என்று கேட்டாள்.

குரல் உயரவில்லை. சாப்பாட்டுக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரல்தான். ஆனால் அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. கை தட்டியவர்கள் நிறுத்தினார்கள். ஐயாவின் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். ஐயா குனிந்தபடியே, கை நிறையச் சாணியோடு, அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். கெமரா ஓடிக்கொண்டே இருந்தது.

"அடிச்சாச் சொல்லுங்க. கழுவித் தாறேன்" என்றாள் அம்மா. "இப்ப எனக்கு அதுதானே வேலை."

கயிற்றை லொறிக்காரனிடம் கொடுத்தாள். சாக்குகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, என்னையும் வா என்று கண்ணால் கூப்பிட்டு, குவிந்து கிடந்த பாத்திரங்களுக்குத் திரும்பினாள். நான் அவள் பின்னால் போய் அடுத்த அண்டாவை எடுத்தேன். அன்றைக்கு என் கோபத்துக்கு வேலை இருக்கவில்லை.